மூன்று கைகளுக்கு ஒரு ஃப்யூக்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். தலைமாட்டில் உங்கள் போன் அடித்து யாராவது விழித்துக்கொண்டால் காலையில் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எஸ்தரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று நம் பாடகர் குழு கேட்டதிலிருந்து பகலில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத முடியவில்லை. இப்போதும் ஒவ்வொரு பத்திக்கும் ஒருமுறை எழுந்து, பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

செய்தி வந்தபோது பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நம் பின்வரிசை டேனியல் அண்ணன் கூப்பிட்டார். ஈரக்கை, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் திரும்பக் கூப்பிடுகிற மனிதர் இல்லை அவர் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஷீலா, பாப்பா கையிலயா கீது?”

“ஆமாண்ணா, குளிப்பாட்டிகினு கீறேன்.”

“மொதல்ல தொடச்சிப் பாயில போடு. போட்டுட்டு வந்து பேசு.”

போட்டேன். துண்டைச் சுற்றினேன். அதுவரை அவர் லைனிலேயே காத்திருந்தார். “எஸ்தர் பூட்டாம்மா,” என்றார். “கடை ஷட்டரத் தூக்கினா, அப்டியே ஒக்காந்துட்டா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி.” பாப்பாவைக் கீழே வைக்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

அடக்கத்தன்று வந்த அவளுடைய உறவினர்கள் சிலர், “அது என்னமோ மியூசிக் எழுதினாளாமே, என்னது அது?” என்று கேட்டார்கள். அவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை எஸ்தருடையது. அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. ராயபுரத்தில் நம் சபையில் கீபோர்டு வாசித்தவளும் அவள்தான். கடந்த பத்து மாதமாக அவள் எழுதியது ஒரு ஃப்யூக். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில், பரோக் காலத்தில் உச்சத்துக்குப் போன வடிவம். ஒரு குரல் தனியாக ஒரு மெட்டைத் தொடங்கும். அது முடிந்ததும் இன்னொரு குரல் அதே மெட்டை வேறு உயரத்தில் எடுக்கும். முதல் குரல் வாயை மூடாமல் வேறொன்றைச் சொல்லிக்கொண்டே போகும். பிறகு மூன்றாவது குரல். கடைசிவரை மூன்றும் பேசும். ஒன்று மற்றதை அமுக்காது.

அறுப்பின் பண்டிகை ஆராதனைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் அப்படி எதையாவது அவள் வாசிப்பாள். போன வருடம் வாசித்து முடித்ததும் டேனியல் அண்ணன், “சோக்கா கீதும்மா. ஆனா இதெல்லாம் தலைல விக்கு வச்ச வெள்ளக்காரன் எழுதறது, நம்மால ஆவாது,” என்றார். எஸ்தர் கீபோர்டை உறைக்குள் நுழைத்தபடி, “அவங்களுக்கும் ரெண்டு கை, எனக்கும் ரெண்டு கை,” என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் எல்லோரும் சிரித்தோம்.

அந்த ஃப்யூகின் மெட்டு பிறந்தது என் வீட்டு ஜன்னலில். நான் அப்போது பிள்ளை பெற்று வந்திருந்தேன். எஸ்தர் பார்க்க வந்த நேரத்தில் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. கீழ்வீட்டுத் தனம் அக்கா குரல் கொடுத்தார்: “தண்ணீ லாரீ வந்துகீது, கொடத்த எடுத்தாங்கம்மா!” உடனே மூன்றாவது மாடியிலிருந்து ஒருத்தி அதையே இன்னும் உச்சத்தில் கத்தினாள். அதற்குள் தனம் அக்கா வேறொரு சண்டைக்குப் போயிருந்தார்: “யம்மா, வரிசைல நில்லு, நேத்தும் நீதான் பூந்த!” பிறகு பின்கட்டிலிருந்து ஒரு ஆண் குரல், அடித்தொண்டையில், அதே அழைப்பு.

எஸ்தர் பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, கேக்கியா? கேக்கியா?” அவளுக்கு மனம் பொங்கினால்தான் அந்த ‘ஏட்டி’ வரும், மற்ற நேரமெல்லாம் நம்மைப் போலவேதான் பேசுவாள். அன்றிலிருந்து, புத்தகங்களில் இருக்கிற பெயர்களை விட்டுவிட்டு, மெட்டைக் ‘கூப்பாடு’ என்றும் இரண்டாம் குரலைப் ‘பதில்’ என்றும் சொல்ல ஆரம்பித்தோம். பதிலில் ஒரு விதி உண்டு. கூப்பாடு தொடக்கத்திலேயே ஐந்து சுரம் தாவினால், பதில் பெரும்பாலும் நாலுதான் தாவும். அது ஏன் என்று எங்கள் இருவருக்குமே பிடிபடாமல் இருந்தது. ஜன்னலில் நின்று கேட்டபோது மாடிக்காரியும் கொஞ்சம் குறைத்துத்தான் தாவினாள். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறவளுக்கு அதற்கு மேல் தொண்டை போகாதே. “அவ எந்தப் புஸ்தகம் படிச்சாளாம்?” என்று எஸ்தர் கேட்டதும், தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

கடை கல்லாவில் உட்கார்ந்துதான் எழுதுவாள். விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க மேலே ஒரு இரும்பு வளையத்தை வைத்திருப்பாள். ஒருநாள் நான் பாப்பாவோடு போயிருந்தபோது, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் ஓட்டும் டிரைவர் ஒருவர் கயிறு வாங்க வந்தார். தாளை எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா இது, பில்லா? ஒரே புள்ளியாக் கீது?”

“பாட்டு, நைனா.”

“பாட்டுன்னா வார்த்த எங்க?”

“வார்த்த இல்லாத பாட்டு. மூணு பேர் ஒரே நேரத்துல பேசுறது.”

“அத்தக் கேக்க நான் வூட்டுக்குப் போனாப் போதுமேக்கா,” என்றார். எஸ்தர் சிரித்துச் சிரித்துக் கயிற்றைத் தப்பாக அளந்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து அளந்தாள். அடுத்த முறை வந்தபோது அந்த டிரைவர் கேட்ட முதல் கேள்வி, “மூணு பேரும் பேசி முடிச்சாங்களா?” என்பதுதான்.

அவள் முதலில் எழுதியது தேறவில்லை. இரண்டு பக்கம் முடித்துவிட்டு, பாடகர் பயிற்சிக்குப் பிறகு நமக்கு வாசித்துக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? நாலைந்து அடிக்கு ஒருமுறை டேனியல் அண்ணன் பின்வரிசையிலிருந்து “ஆமென்” என்றார். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம். மூன்றாவது ஆமெனுக்கு எஸ்தர் கையை எடுத்துவிட்டாள். “அண்ணே, கிண்டல் பண்றீங்களா?” “நான் இன்னாம்மா பண்றது? நீ முடிச்சிட்ட மாதிரியே நிக்குது. ஆமென் தானா வருது.”

அவர் சொன்னது சரி. சிறுவயதிலிருந்து ஞானப்பாட்டுக்கு வாசித்துப் பழகிய கை. பாட்டில் வரிக்கு வரி சபை முழுக்க ஒன்றாக நின்று மூச்சு வாங்கும். அந்தப் பழக்கத்தில் அவளையறியாமல் மூன்று குரல்களையும் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தாள். பாடகர் குழுவிலேயே வளர்ந்தவர்கள் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். நானாக இருந்திருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். அவள் மறுநாள் காலையில் போன் செய்தாள். “ஏட்டி, எல்லாரும் சேந்து மூச்சு வாங்குனா அது ஃப்யூக் இல்ல, ஜெபக்கூட்டம். ஒருத்தர் மூச்சு வாங்குறப்ப இன்னொருத்தர் பேசிக்கிட்டு இருக்கணும்.” இரண்டு பக்கத்தையும் அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு முதல் கூப்பாட்டிலிருந்து தொடங்கினாள்.

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான இடம். பிரசவத்துக்குப் பிறகு நான் கீபோர்டைத் தொடவே இல்லை. பாப்பாவை யாரிடமும் விட மனம் வரவில்லை. இருமினால் பயம், இருமாவிட்டால் பயம். பயிற்சிக்கு இனி வரமாட்டேன் என்று எஸ்தரிடம் சொன்னபோது அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தாள்களோடு வந்தாள். மேல்குரல்கள் இரண்டும் அவளுடைய இரண்டு கைகளுக்கு. கீழ்க்குரல் மட்டும் எனக்கு, இடதுகையால் மட்டும். வலதுகை பாப்பாவைப் பிடித்துக்கொள்ள.

“இப்படி யாராவது எழுதுவாங்களா?” என்றேன்.

“அவங்களுக்கு ரெண்டு கை. எனக்கு மூணு,” என்றாள்.

பேச்சுக்காகச் சொல்லவில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாள். பாப்பா மடியில் எவ்வளவு நேரம் சும்மா இருப்பாள், எப்போது நெளிய ஆரம்பிப்பாள் என்று பலநாள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். நடுவில் கீழ்க்குரலுக்கு ஒரு நீண்ட ஓய்வு வரும். அங்கே பென்சிலால், “வாயத் தொடச்சு விடு,” என்று எழுதியிருக்கிறாள். முடிவுக்குச் சற்று முன், லாரி கிளம்பப் போகிறது என்றால் நம் தெருவில் நடக்குமே, அதுபோல ஒரு கூப்பாடு முடியுமுன் அடுத்தது குறுக்கே பாயும். மேலே அத்தனை அமளி நடக்கும்போது கீழ்க்குரல் ஒரே சுரத்தில் அசையாமல் நிற்கும். பழைய ஃப்யூகுகளில் வழக்கமாக வருவதுதான். ஆனால் பாப்பா சிணுங்கும் நேரத்துக்குச் சரியாக அதைக் கொண்டுவந்து வைத்தவள் எஸ்தர். ஒரு விரலை அழுத்திப் பிடித்தபடி முழங்காலை ஆட்டிப் பிள்ளையைச் சமாதானம் செய்யலாம். நானும் செய்தேன்.

போன மாதம் சபை மண்டபத்தில் முதல் முறையாக முழுவதும் வாசித்தோம். டேனியல் அண்ணன் கீபோர்டின் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு நின்று கேட்டார். முடிந்ததும் பதிவை நிறுத்தினார். பிறகு, “இப்ப சொல்லலாமா?” என்று கேட்டுவிட்டு, “ஆமென்,” என்றார். அறுப்பின் பண்டிகையில் வாசிப்பது என்று அங்கேயே முடிவானது.

பண்டிகைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இந்த வருடம் விட்டுவிடலாம், தெரிந்த பாட்டாக ஒன்று வாசித்துக்கொள்ளலாம் என்று உங்களில் சிலர் நினைப்பது தெரியும். நான் விடப்போவதில்லை. மூன்று குரலையும் ஒருத்தியாக வாசித்துப் பார்த்தேன். முடியாது. நடுக்குரலுக்கும் கீழ்க்குரலுக்கும் நடுவே என் கை எட்டாத தூரம் இருக்கிறது, இரண்டு பேருக்காக எழுதியது அல்லவா. கீழ்க்குரலை மேலே இழுத்து வைத்தால் எட்டும். ஆனால் அப்போது அது நடுக்குரலின் காலை மிதிக்கும்.

டேனியல் அண்ணன் ஒரு வழி சொன்னார். “ஒன் சைட ஆஃப் பண்ணிட்டா, மெஷின்ல எஸ்தர் வாசிச்சது அப்டியே கீது. பட்டனத் தட்னா அவளே வாசிப்பா. நீ ஒன்னோடத வாசி. அவளும் கூட இருந்த மாதிரி இருக்கும்.” மறுக்க மனம் வரவில்லை. நேற்றுப் பகலில் மண்டபத்துக்குப் போய், பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பதிவைப் போட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் எஸ்தர் காரணமே இல்லாமல் நின்றாள். பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்ட இடம் அது. நான் விடுவித்துக்கொள்ளும்வரை எஸ்தர் ஒரு சுரத்தை நீட்டிக் காத்திருந்தாள். நேற்றுப் பாப்பா வேறு இடத்தில் பிடித்தாள். எஸ்தர் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தாள். பொத்தானை அணைத்துவிட்டேன்.

அந்தப் பதிவை அழிக்க வேண்டாம், அவளுடைய அப்பாவுக்குக் கொடுப்போம். ஆனால் பண்டிகையில் அது ஒலிக்க வேண்டாம். இந்த ஃப்யூகுக்குக் காத்திருக்கத் தெரிந்த இரண்டு கை வேண்டும்.

எஸ்தர் எனக்கு விட்டுப்போனது இடதுகைக்கு ஒரு குரல். பிள்ளை மடியில் இருக்கும்போதும் வாசிக்கலாம் என்ற துணிச்சல். எல்லோரும் ஒரே இடத்தில் நின்றுவிடக்கூடாது என்ற பேச்சு. அதை அவள் போனில் சொன்ன அந்தக் காலையில் இசைக்கான விதி என்று மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

நம்மில் கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். மேல்குரல்களின் தாளைப் படமெடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். பார்த்ததும் பயமாக இருக்கும். கூப்பாட்டை மட்டும் முதலில் பாடிப் பாருங்கள், தண்ணீர் லாரிதான். சனிக்கிழமை பாடகர் பயிற்சி முடிந்ததும் நான் பாப்பாவோடு கீபோர்டின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். வலதுபக்கம் யார் உட்காரப் போகிறீர்கள் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.