பாதுகாப்பு அலுவலர்: வளவன், த/பெ ஆதிமூலம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் வெண்மதி வைத்திருந்த கடையை எல்லோரும் ஜெராக்ஸ் கடை என்றுதான் சொன்னார்கள். சாதிச் சான்றுக்கும் பட்டா நகலுக்கும் வருகிறவர்கள் வெளியே வெயிலில் நிற்பார்கள். கான்டிராக்டர்கள் மட்டும் உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் உட்காருவார்கள். சாலை, சிறுபாலம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் என்று எந்த அரசு வேலைக்கு டெண்டர் வந்தாலும், காகிதங்களைச் சேர்த்து, ஸ்கேன் செய்து, இணையத்தில் ஏற்றிக் கொடுப்பது வெண்மதிதான்.

அரசு டெண்டருக்கு இரண்டு உறை. முதல் உறையில் சான்றுகள், இரண்டாவதில் விலை. முதல் உறையில் ஒரு பக்கம் குறைந்தாலும் இரண்டாவதைப் பிரிக்க மாட்டார்கள். பிரித்த விலைகளில் எது குறைவோ அவருக்கு வேலை. ஒன்பது வருடத்தில் வெண்மதி ஏற்றிய ஒன்றுகூட முதல் உறையில் தள்ளுபடியானதில்லை. தளவானூரில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன ஆதிமூலத்தின் மகள் அவள். பெரிய பெரிய ஆட்கள் தன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "வெண்மதி, நீ பாத்தா சரியா இருக்கும்" என்று சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்படி வருகிறவர்களில் ராஜாராம் செய்த தொழில் வேறு மாதிரி. செஞ்சிக்கும் கடலுக்கும் அறுபது கிலோமீட்டர். ஆனால் அவர் எடுத்தது கப்பல் வேலை. வடக்கே ஒரு துறைமுகத்தில் பழுது பார்க்கக் கரையேற்றும் அரசுக் கப்பல்களில் துரு சுரண்டவும், தகடு மாற்றவும், பெயின்ட் அடிக்கவும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆட்களை வேனில் அழைத்துப் போவார். டெண்டரில் மின்-கையெழுத்துப் போடும் டோக்கனைக்கூட அவர் வெண்மதியிடமே விட்டு வைத்திருந்தார். விரல் அளவு பென்டிரைவ் மாதிரி இருக்கும். கையெழுத்து அவருடையது, அதை அழுத்துகிற கை அவளுடையது.

போன வருடம் தையில், மண் தோண்டும் ஒரு பழைய அரசுக் கப்பலைப் பழுது பார்க்க டெண்டர் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வெண்மதி வழக்கம்போல முழுவதையும் படித்தாள். அறுபத்து நான்காம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கப்பலின் அடித்தொட்டிகளுக்குள் ஆள் இறங்குவதற்கு முன் காற்றை அளந்து பார்த்துக் கையெழுத்திட முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் தொழிற்பாதுகாப்பில் ஒரு வருடப் படிப்பும் ஐந்து வருட அனுபவமும் உள்ளவராக இருக்க வேண்டும். சான்றுகளை முதல் உறையில் இணைக்க வேண்டும்.

"அப்படி ஒரு ஆள வெச்சா என் ரேட்டு ஏறிடும்மா," என்றார் ராஜாராம். "ரேட்டு ஏறுனா வேல இன்னொருத்தனுக்குப் போயிடும். மத்தவன் மட்டும் நெசமாவே ஆளு வெக்கிறானா?"

"சான்று இல்லன்னா மொத உறையிலயே போயிடும் சார்."

"உன் தம்பி டிப்ளமா முடிச்சிட்டு சும்மாதான இருக்கான்?"

வளவனுக்கு இருபத்தாறு வயது. மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இரண்டு வருடமாக அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நைனா ஆதிமூலம் எழுந்து வெளியே போய்விடுவார். திட்டுவதைவிட அது மோசமாக இருந்தது.

"பேரு பேப்பர்ல இருக்கட்டும். வேலைக்கு நான் கூட்டிக்கினு போறேன்," என்றார் ராஜாராம். "அடுத்த வருசம் அந்தப் படிப்ப நெசமாவே படிச்சிக்கட்டும்."

இரண்டே நாளில் ராஜாராம் சான்றிதழைக் கொடுத்தனுப்பினார். வளவனின் போட்டோ, வேறு மாநிலத்து நிறுவனத்தின் முகவரி, தங்க நிற முத்திரை. கூட வந்த அனுபவச் சான்று சொன்ன ஐந்து வருடத்தில் கடைசி இரண்டு வருடம் அவன் வீட்டில்தான் இருந்தான். வெண்மதி அதைப் பார்த்தாள். பார்த்து, ஸ்கேனரில் வைத்து மூடினாள்.

அன்று சாயங்காலம் நியமனக் கடிதத்தைத் தம்பியிடம் நீட்டினாள். "பேப்பருக்குத்தான். கையெழுத்துப் போடு."

"சரிக்கா," என்றான். படிக்கவில்லை. அக்கா படித்திருப்பாள் என்று நினைத்திருப்பான்.

டெண்டர் ராஜாராமுக்கே கிடைத்தது. வளவன் வேனில் ஏறினான். கப்பலில் அவனுக்குக் கொடுத்தது துரு சுரண்டும் இரும்புத் தகடும் ஒரு ஜோடி கையுறையும். காற்றை அளக்கும் மீட்டரை அவன் கண்ணால் பார்த்ததில்லை. அவனோடு வேலை செய்தவர்களில் தோமினிக் என்று ஒருவர் இருந்தார். செஞ்சிக்குக் கிழக்கே மாதா கோயில் தெருவைச் சேர்ந்தவர், நாற்பது வயது வெல்டர். புது ஆள் என்று வளவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துக் கண் எரிந்தால் உருளைக்கிழங்கு வில்லையை வைக்கச் சொன்னவர் அவர்தான்.

ஒப்பந்தப்படி இருபத்தெட்டு நாளில் கப்பல் தண்ணீரில் இறங்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் உண்டு. இருபத்து மூன்றாம் நாள், வேலைப் பட்டியலில் இல்லாத இன்னொரு தொட்டியிலும் கசிவு இருப்பது தெரிந்தது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டி. மூடிய இரும்புத் தொட்டியில் துருவே காற்றில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். திறந்து, ஊதும் இயந்திரத்தை வைத்து அரை நாளாவது காற்று விட வேண்டும். இயந்திரம் வேறு கப்பலுக்குப் போயிருந்தது. "ஒரு பார்வ பாத்துட்டு வந்துடு," என்று ராஜாராமின் மேஸ்திரி சொன்னார். தோமினிக் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏணியில் இறங்கினார்.

மத்தியானம் கடையில் வெண்மதி ஒரு கிழவருக்கு ஆதாரில் போன் நம்பர் மாற்றிக் கொண்டிருந்தாள். தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, தோமினிக் அண்ணன் உள்ள போனாரு. கூப்ட்டா பேசல. நான் எறங்கப் பாத்தேன். இடுப்பப் புடிச்சி இழுத்துட்டானுங்க."

"இப்ப எப்படி இருக்காரு?"

"இல்லக்கா," என்றான் வளவன். "அவரு இல்ல."

மறுநாள் போலீஸ் டெண்டர் காகிதங்களைக் கேட்டு வாங்கியது. அதில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு பெயர் இருந்தது. தொட்டிக்குள் இறங்க அனுமதிச் சீட்டு ஒன்றும் கிடைத்தது. காற்று சரியாக இருப்பதாக எழுதி, அடியில் வளவன் என்று கையெழுத்து. அந்தக் கையெழுத்து அவனுடையது இல்லை. ஆனால் நியமனக் கடிதத்தில் இருந்ததைப் பார்த்து யாரோ நன்றாகவே போட்டிருந்தார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வளவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

ராஜாராம் கடைக்கு வரவில்லை. போனில்தான் பேசினார். "விதிப்படி நான் ஆளு வெச்சிருந்தேன்னுதான் காயிதம் சொல்லுது. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது? ஜாமீனுக்கு நானே வக்கீல் வெக்கிறேன். நீ எதையும் கெளறாத."

வெண்மதி வேறொரு வக்கீலிடம் போனாள். திண்டிவனத்துப் பெண், விமலா என்று பெயர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சான்றிதழ் பொய்னு நீங்க சொன்னா, உங்க தம்பி மேல இன்னொரு கேஸ் சேரும். அவரும் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஏத்துனது நீங்க, உங்க மேலயும் வரும். சொல்லலன்னா ஒரு கேஸ். ஆனா அந்த ஒரு கேஸ்ல சாவு முழுசா அவரு தலைல நிக்கும்."

அன்று வீட்டில் ஆதிமூலம் மகளிடம் ஒன்றுதான் கேட்டார். "அந்தக் காயிதம் பொய்யின்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா."

அவர் எழுந்து போகவில்லை. சுவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

நான்காம் நாள் வெண்மதி மாதா கோயில் தெருவுக்குப் போனாள். தோமினிக்கின் மனைவி மரியசெல்வி வீட்டில் இன்னும் பந்தல் பிரிக்கவில்லை. வாடகை நாற்காலிகள் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் உள்ளேயிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஒன் தம்பிதான கையெழுத்துப் போட்டு எம் புருசன உள்ள அனுப்புனது," என்றாள் மரியசெல்வி. குரலை உயர்த்தவில்லை. "ஆபீசர் எழுதிக் குடுத்தாருன்னுதான் எறங்குனாருன்னு சொன்னாங்க."

"அவன் ஆபீசர் இல்ல. உங்க வீட்டுக்காரரு கூட துரு சொரண்டுனவன். ஆபீசர்னு பேப்பர்ல மட்டுந்தான் இருந்தான்."

"அப்ப காத்து நல்லா இருக்குதான்னு பாக்குறதுக்கு ஆளே இல்லயா?"

"இல்ல."

மரியசெல்வி கேட்டாள். "பேப்பர்ல இருந்தான்னா, அந்தப் பேப்பர யாரு போட்டது?"

"நான்தான்."

உள்ளே இருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து வெண்மதியை வெளியே போகச் சொன்னாள். மரியசெல்வி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"இத எங்க வந்து சொல்ற? எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? போலீசுல எழுதிக் குடுப்பியா?"

அந்தத் தெருவுக்கு வரும்வரை வெண்மதி முடிவு செய்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள். அந்தக் கேள்விக்கு முன்னால் அது முடியாமல் போயிற்று.

"குடுக்குறேன்," என்றாள்.

கொடுத்தாள். துறைமுக ஸ்டேஷனில் ஒரு முறை, டெண்டர் விட்ட கப்பல் அலுவலகத்தின் விசாரணை அதிகாரி முன் ஒரு முறை. சான்றிதழ் எந்தத் தேதியில் வந்தது, டோக்கன் யாரிடம் இருந்தது, ராஜாராம் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். விசாரணை அதிகாரி வயதானவர், அமைதியானவர். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "இத்தன வருசமா டெண்டர் போடுறீங்க. அந்த நிபந்தன எதுக்கு இருக்குதுன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

"முதல் உறையில பாஸ் ஆகறதுக்குன்னுதான் சார் நெனச்சேன்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வக்கீல் சொன்னது அப்படியே நடந்தது. பொய் ஆவணக் கேஸில் வெண்மதியும் வளவனும் ராஜாராமும் சேர்க்கப்பட்டார்கள். மரணக் கேஸில் ராஜாராம் முதல் எதிரியானார், மேஸ்திரி இரண்டாவது. வளவன் பெயர் அதிலிருந்து உடனே போகவில்லை. கையெழுத்தை ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முப்பத்தோரு நாள் கழித்து அவன் ஜாமீனில் வெளியே வந்தான். சிறை வாசலிலிருந்து அக்காவோடு பஸ்ஸில் செஞ்சி வந்தான். இறங்கும்போது கேட்டான்.

"அந்த லெட்டர நீட்டுனப்பவே இது பொய்யின்னு ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ போயிருக்க மாட்ட."

"ஆமா. போயிருக்க மாட்டேன்."

இப்போது அவன் ஓசூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறான். நைனாவுக்குப் போன் செய்கிறான்.

ராஜாராமின் கம்பெனியை மூன்று வருடம் தடைப்பட்டியலில் வைத்தார்கள். பாதியில் நின்ற அந்தக் கப்பலுக்கு மறு டெண்டர் வந்தபோது வெண்மதி அதைத் திறந்து பார்த்தாள். பாதுகாப்பு அலுவலர் பற்றிய நிபந்தனை மாறாமல் இருந்தது. இணைத்த சான்றுகள் உண்மையானவை என்று உறுதிமொழி தரும் ஒரு பக்கம் புதிதாகச் சேர்ந்திருந்தது. பிறகு ஒரு நாள் ராஜாராமின் மருமகள் சுவாதி கடைக்கு வந்தாள். அவள் பெயரில் புதுக் கம்பெனி பதிவாகியிருந்தது.

"மாமாதான் சொன்னாரு, நீங்க பாத்தா சரியா இருக்கும்னு."

"நான் செய்யறதில்லம்மா."

சுவாதி கோபப்படவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளி இருந்த இன்னொரு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அந்த வாரமே அது ஏறியிருக்கும். மற்ற கான்டிராக்டர்களும் ஒவ்வொருவராக அங்கேயே போனார்கள். போலீசில் எழுதிக் கொடுக்கிறவளிடம் யார் டோக்கனை நம்பி வைப்பார்கள்? வெண்மதியின் கடையில் இப்போது ஃபேனுக்கு அடியில் உட்கார யாரும் வருவதில்லை. சாதிச் சான்றும், பட்டா நகலும், அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் வேண்டுதலுக்காக அவசரமாகப் பிரிண்ட் எடுக்கும் போட்டோவும்தான்.

மரியசெல்விக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியது யார் என்று கேஸ் நடக்கிறது. ஒப்பந்தக்காரர்தான் என்கிறது கப்பல் அலுவலகம். வேலையைக் கொடுத்த அலுவலகத்துக்கும் பொறுப்பு உண்டு என்கிறது மரியசெல்வியின் மனு. வாய்தா நாட்களில், அந்தக் கேஸில் சாட்சியான வெண்மதியும் மரியசெல்வியும் செஞ்சியில் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஒருத்தி முன்னால் உட்காருவாள், இன்னொருத்தி பின்னால்.

போன வாய்தாவில், கோர்ட்டு வாசலில், மரியசெல்வி தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஆங்கிலத்தில் நான்கு பக்கம்.

"இதுல இன்னா போட்டிருக்குது?"

வெண்மதி அங்கேயே நின்று படித்து, வரி வரியாகச் சொன்னாள். கப்பல் அலுவலகம் போட்ட பதில் மனு அது. இறந்தவர் தங்கள் தொழிலாளர் பதிவேட்டில் இல்லை என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது. அதைச் சொல்லாமல் தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தாண்டவில்லை.

மரியசெல்வி காகிதத்தை வாங்கி மடித்தாள். "இங்கிலீசு படிச்சிச் சொல்ல எனக்கு வேற ஆளு இல்ல. அதுக்காக ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத."

"நெனைக்கலம்மா."

"அடுத்த வாய்தா எப்ப?"

"பதினேழாந் தேதி. காலைல ஆறு மணி பஸ்ஸப் புடிச்சாத்தான் சரியா இருக்கும்."

மரியசெல்வி தலையசைத்துவிட்டு நிழல் இருந்த பக்கமாக நடந்தாள்.