இரண்டு தண்ணீர் லாரியும் ஒரு கடலோரக் குப்பமும்

பற்றாத பொருளைப் பங்கு போடுவதும் ஓர் உத்தியோகம்தான். அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தக் களைப்பை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில், மழை பொய்த்த ஒரு கோடையில், எம்.எஸ்ஸி. கணக்கு முடித்த கையோடு திண்டிவனத்தில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. குடிநீர் லாரிகளை ஊர்களுக்கு ஒதுக்க வேண்டும். லாரி இரண்டு. கேட்ட ஊர்கள் எக்கச்சக்கம்.

அழகான விடை

கல்லூரியில் படித்த லீனியர் புரோகிராமிங்கை எடுத்துக்கொண்டேன். இருக்கிற டீசலுக்குள், லாரி ஓடும் நேரத்துக்குள், அதிகபட்சம் எத்தனை குடம் கொடுக்கலாம்? கம்ப்யூட்டர் கிடையாது. காகிதத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு, அழித்து அழித்து எழுதினேன். விடை அழகாக வந்தது. பிரம்மதேசம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தண்ணீர்; மரக்காணத்தைத் தாண்டிய கடலோரக் குப்பத்துக்குப் பூஜ்யம். அங்கே ஒரு நடை போகிற நேரத்தில் பக்கத்து ஊர்களுக்கு மூன்று நடை அடித்துவிடலாம். எனக்கு உறுத்தியது, ஆனாலும் தாளை எங்கள் அதிகாரியிடம் நீட்டினேன். அவருக்கோ பரம நிம்மதி.

"கணக்கே சொல்லிடுச்சி. இனிமே எவனும் நம்மள கேக்க முடியாதும்மா."

கேட்க வந்தவர்

கேட்க ஒருவர் வந்தார். குப்பத்து அஞ்சலை அக்கா, பஸ் பிடித்து, இடுப்பில் காலிக் குடத்தோடு. ஊர்க் கிணறு உப்பாகிவிட்டதாம், அதைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்காம். மொத்தத்தில் நிறையப் பேருக்குத் தண்ணீர் கிடைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று மேஜையைப் பார்த்தபடி மென்று விழுங்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் குடத்தை மேஜைமேல் வைத்தார்.

"அந்த நெறைய பேருல எங்களயும் சேத்துக்கினா ஒன் கணக்கு கெட்டுப் பூடுமா, பாப்பா?"

கூடுதலாக ஒரு நிபந்தனை

கெட்டுத்தான் போனது. எந்த ஊருக்கும் தினம் ஒரு நடைக்குக் குறையக் கூடாது என்று நிபந்தனை சேர்த்தேன். விடையே இல்லை, இரண்டு லாரிக்கு அது தாங்காது. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று தளர்த்தியதும் விடை வந்தது, ஆனால் மொத்தக் குடம் குறைந்தது. மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்றார் அதிகாரி. நிபந்தனை நான் போட்டது சார், கணக்கு போட்டதல்ல என்றேன். அந்த ஆபீசில் நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"அப்ப கையெழுத்தும் நீயே போட்டுக்கம்மா."

போட்டேன். மறுநாள் காலை முதல் லாரி குப்பத்துக்குப் போனது. சாயங்காலத்துக்குள் பிரம்மதேசம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர்கள் ஊருக்கு ஒரு நடை குறைந்திருந்தது.

"நேத்து மூணு நட, இன்னிக்கி ரெண்டு. மீதிய எந்த சமுத்திரத்துல ஊத்திட்டு வந்தீங்க?"

அந்தக் கோடை முழுவதும் எல்லா ஊருக்கும் குறைவில்லாமல் கிடைத்தது என்மேல் கோபம் ஒன்றுதான், அதற்கு மட்டும் லாரி தேவைப்படவில்லை.