பொட்டு வைத்த கத்தி

ஒசாகாவில் நான் வேலை பார்க்கிற ஓட்டல் சமையலறையில் உப்பு பொது, எண்ணெய் பொது, அடுப்பு பொது. கத்தி மட்டும் பொது கிடையாது. ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு மரச்சட்டம், அதில் வரிசையாகப் பிளவுகள், ஒவ்வொரு பிளவிலும் ஒருவருடைய கத்தி. சேர்ந்த புதிதில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திருவண்ணாமலையில் எங்கள் மெஸ்ஸில் கைக்கு எட்டுவதுதான் என் கத்தி. அதுவும் அகப்படாவிட்டால் அருவாமணை. அந்தப் பழக்கத்தில் பக்கத்துப் பலகையில் கிடந்த கத்தியை எடுத்து வெங்காயத்தாளை நறுக்கிவிட்டேன். அது மோரி என்கிற மூத்த சமையல்காரருடையது. என் கையிலிருந்து வாங்கினார், குழாயில் கழுவினார், துணியால் துடைத்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், இன்னொரு தரம் துடைத்தார், சட்டத்தில் சொருகினார்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஒருத்தன் தொட்டதை இன்னொருத்தன் கழுவி வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊர்க்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டுமா? "என் கை சுத்தமாத்தான் இருக்கு" என்று அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். மோரி என் கையைப் பார்த்தார். "ஆமாம், சுத்தம்தான்" என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் தான் நறுக்கினாலும் இப்படித்தான் கழுவித் துடைக்கிறார், பெற்ற தாய் தொட்டாலும் இப்படித்தான் செய்வார் என்பது மாதக்கணக்கில் கூடவே நின்ற பிறகுதான் விளங்கியது. கத்தியை அவரவர் கைவாகுக்குத் தக்கபடி தீட்டி வைத்திருப்பார்கள்; இன்னொரு கை பட்டால் அந்த வாகு கெட்டுப்போகும். தீட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான்தான் ஊரிலிருந்து அதையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. ஒரு சமையலறையில் உனக்கென்று ஒரு கத்தி இருந்தால்தான் உனக்கு அங்கே இடம் இருக்கிறது என்று பொருள். வேலையை விட்டுப் போகிறவர் கத்தியை எடுத்துப் போவார், மறுநாள் அந்தப் பிளவில் வேறொருவர் கத்தி நிற்கும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் ஆசை வந்தது. நல்ல கத்தியாக ஒன்று வாங்கி, அதை இங்கே வைக்காமல் ஊரில் எங்கள் மெஸ்ஸில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

மெஸ் அப்பா ஆரம்பித்தது. கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், சைவச் சாப்பாடு. அவர் போன பிறகு அண்ணன் கையில் வந்தது. ஒரு மெஸ்ஸை வைத்து ரெண்டு பேர் பிழைக்க முடியாது என்று தெரிந்து நான் பெட்டியைத் தூக்கினேன். "கொஞ்ச வருஷம் சம்பாரிச்சிட்டு வந்துடு, சேந்து பெருசா பண்ணலாம்" என்று அண்ணன்தான் சொன்னார். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை, அது வேறு கதை, இங்கே வேண்டாம். ஆக, திரும்பிப் போக எனக்கென்று உலகத்தில் இருந்தது அந்த மெஸ்ஸின் பின்கட்டில் நறுக்குகிற மேடை ஒன்றுதான்.

கத்தி வாங்க சக்காய் என்கிற ஊருக்குப் போனேன். கத்திக்குப் பேர்போன இடம். நம் ஊரில் கத்தி வாங்குவதென்றால் கட்டை விரலில் கூர் பார்த்துவிட்டுக் கையோடு எடுத்துப் போவோம். அந்தக் கடைக்காரர் எனக்குக் கத்தியைக் காட்டவே இல்லை, கேள்வியாகக் கேட்டார். எந்தக் கை? மேடை எவ்வளவு உயரம்? மீனா, கறியா, காயா? காய் என்றால் என்னென்ன காய்? முட்டைகோஸ், பீன்ஸ், வெண்பூசணி, வாழைத்தண்டு என்று கையாலேயே படம் போட்டேன். வாழைத்தண்டை அவர் மூங்கில் என்று எடுத்துக்கொண்டு மிரண்டு போனார். கடைசியில் நாகிரி என்கிற காய்கறிக் கத்தியைக் காட்டினார். கூர்முனை இருக்காது, நீளச் சதுரமாக, பலகையில் முழுசாகப் படிகிற மாதிரி மெல்லிசாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தீட்டினது பழகாத கைக்கு ஆகாது, ரெண்டு பக்கமும் தீட்டினது எடுத்துக்கொள் என்றார். எலும்பு, தேங்காய் ஓடு பக்கம் போகக் கூடாது, நறுக்கும்போது திருகக் கூடாது, இல்லாவிட்டால் பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிடும் என்றார். கத்தி வாங்க நினைக்கிறவர்கள் இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், எனக்குத்தான் பிரயோஜனப்படவில்லை.

பிறகு ரெண்டு கத்தியை எதிரே வைத்தார். ஒன்று துருப்பிடிக்காதது. இன்னொன்று துருப்பிடிக்கிற எஃகு. இரண்டாவதில் கூர் ஜாஸ்தி, அது நாள்பட நிற்கும், கல்லில் தேய்த்தால் சீக்கிரம் ஏறும். ஆனால் ஈரம் ஆகாது, புளிப்பு ஆகாது, நறுக்கின கையோடு துடைக்க வேண்டும். எதை எடுப்பது என்று கேட்டேன். "யார் யார் உபயோகிப்பார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். நாலு பேர் என்றால் துருப்பிடிக்காததை எடு, ஒரே ஆள் என்றால் எஃகை எடு. "நான் மட்டும்தான்" என்றேன். சொல்லும்போது மெஸ்ஸின் பின்கட்டில் நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. எஃகைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அடுத்த லீவில் ஊருக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் நீட்டினேன். கத்தியைக் கைக்குக் கை வாங்கக் கூடாது என்று அண்ணி தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். "இது என் கத்திண்ணே. நான் வர்ற வரைக்கும் யாரும் தொட வேணாம்" என்றேன். "எவன்டா தொடப்போறான், உன் கத்தி உனக்குத்தான்" என்றார் அண்ணன். எண்ணெய் தடவிப் பரண் பலகையில் வைத்துவிட்டு நிம்மதியாக விமானம் ஏறினேன்.

இந்த வருடம் முடிவோடு போனேன். ஒசாகா போதும், இனிமேல் மெஸ்தான் என்று முடிவு; அங்கே மட்டும் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை, லீவு என்று சொல்லித்தான் கிளம்பினேன். வண்டியை விட்டிறங்கி நேராகச் சந்துக்குள் போனால், வாசலில் வேட்டி கட்டின வெள்ளைக்காரர் ஒருவர் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டு நின்றார். என் பையையும் ஷூவையும் பார்த்துச் சிரித்தார். "சாம்பார் நல்லா இருக்கும், சாப்பிடுங்க. ஊருக்கு மொத தடவையா?" என்று தமிழிலேயே கேட்டார். இந்தச் சந்தில் பிறந்தவன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், மலையைப் பார்க்கிறார்கள், இதுதான் என் வீடு என்று சொல்லி வாடகைக்கு எடுத்துத் தங்கிவிடுகிறார்கள். ஊரும் சரி என்று விட்டுவிடுகிறது. எனக்கு வயிறு எரிந்தது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பின்கட்டில் நறுக்குகிற மேடையில் அண்ணன் மகளைக் கட்டின மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பையன், நல்ல உழைப்பாளி, அதிர்ந்து பேச மாட்டார். கல்யாணத்துக்கு என்னால் வர முடியவில்லை, போனில் பார்த்ததுதான். வேங்கிக்காலில் அண்ணன் கட்டின புது வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் கத்தியைத் தேடிப் பரணை எட்டிப் பார்த்தேன். அங்கே இல்லை.

"இன்னாடா தேடுற? உன் கத்தி சாமி கிட்ட இருக்குடா" என்றார் அண்ணன்.

சாமி படங்களுக்குக் கீழே, அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில், ஒரு எவர்சில்வர் தட்டில் இருந்தது. காய்ந்த பூ. பட்டையாக மூன்று இடத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மொத பொட்டு உன் கத்திக்குத்தான். கிரைண்டருக்குக் கூட அப்பறம்தான்" என்று அண்ணன் முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னார். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, ஈரச் சந்தனத்தைக் குழைத்து வைத்து, எடுக்கக் கூடாது என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். மற்ற கத்தியெல்லாம் மறுநாளே வேலைக்குப் போய்விட்டது. என்னுடையதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே, அது தட்டிலேயே இருந்துவிட்டது. ஒரு வருடப் பொட்டின் மேல் அடுத்த வருடப் பொட்டு.

சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் துரு. துணியால் தேய்த்தால் போகிற துரு இல்லை, நகம் உள்ளே இறங்குகிற பள்ளம். பொட்டு வைத்த இடமெல்லாம் எஃகு அரித்துப் போயிருந்தது. என்ன சொல்லிக் கோபப்படுவது? திட்டினால் சாமியைத் திட்டின மாதிரி, பாசத்தைத் திட்டின மாதிரி.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு நேராக மேடைக்குப் போனேன். அன்றைக்குப் பௌர்ணமி, மலை சுற்ற வருகிற கூட்டத்துக்குக் காய் மூட்டை மூட்டையாக இறங்கியிருந்தது. அந்தத் துருப்பிடித்த கத்தியாலேயே முட்டைகோஸை நறுக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை பதறிப்போய் ஓடி வந்தார்.

"மாமா, நீங்க எதுக்கு மாமா? விட்ருங்க. நாங்க பாத்துக்கறோம்."

"இருக்கட்டும் மாப்ள, எனக்குப் பழக்கம்தான்."

"ஐயோ, பெரிய மாமா பாத்தா என்னைத்தான் திட்டுவாரு. நீங்க போய் சாமி பாத்துட்டு வாங்க, கூட்டம் ஜாஸ்தி ஆவறதுக்குள்ள."

அண்ணி கூடத்தில் எனக்கு மட்டும் இலை போட்டார். "உக்காருங்க தம்பி. லீவுக்கு வந்த எடத்துல எதுக்குக் கையைக் கெடுத்துக்கறீங்க." முறுகலான தோசை வந்தது, நெய் வந்தது, வாடிக்கைக்காரர்களுக்கு இல்லாத கெட்டிச் சட்னி வந்தது. அப்பா இருந்த காலத்தில் இந்த வீட்டு ஆட்கள் எல்லாரும் கூட்டம் போன பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே மிச்சத்தைச் சாப்பிடுவோம். எனக்குக் கூடத்தில் இலை போட்டபோதே விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தாலும் கேட்டேன். அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இங்க வந்து இன்னாடா பண்ணப்போற? மாப்பிள்ள கையில குடுத்துட்டேன். அவரை நம்பித்தானே பொண்ணையே குடுத்தேன். லைசென்சு எல்லாம் அவர் பேர்ல மாத்தியாச்சு."

"சேந்து பண்ணலாம்னு சொன்னியேண்ணே."

"சொன்னேன். இல்லன்னு சொல்லலியே. உனக்கு இன்னாடா கொறச்சல் இங்க? நீ எப்ப வந்தாலும் மொத எல உனக்குத்தான். அந்த மரியாதையில கம்மி பண்ணிருக்கமா, சொல்லு."

கம்மி பண்ணவில்லை. அதுதானே வயிற்றெரிச்சல். கத்திக்கும் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சண்டை போட்டிருந்தால், ஏமாற்றியிருந்தால், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அண்ணன் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான். கிளம்பும்போது கத்தியை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். "பூஜைல வெச்சதை எடுத்துப் போறீங்களே" என்று அண்ணி மட்டும் சங்கடப்பட்டார்.

சக்காய் கடைக்காரர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். சாமி முன்னால் என்றேன். ஏதோ பெரிய கோயிலில் காணிக்கையாக இருந்த கத்தி என்று நினைத்துக்கொண்டார் போல, எழுந்து நின்று கத்திக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் அதைத் திருத்தவில்லை. பள்ளம் முழுசாகப் போக வேண்டுமானால் பாதிக் கத்தி தேய்ந்துவிடும் என்றார். கூர் மட்டும் ஏற்றச் சொன்னேன். இப்போது ஒசாகா சமையலறைச் சட்டத்தில், மோரியின் கத்திக்குப் பக்கத்துப் பிளவில் நிற்கிறது. விசா இருக்கிற வரைக்கும் நிற்கும்.

ஆயுத பூஜை வருவதற்கு முன்னால் அண்ணன் போன் பண்ணினார். "தட்டு வெறிச்சுனு கெடக்குடா. கத்தி போட்டோவாவது அனுப்பு, அதுக்காவது ஒரு பொட்டு வைக்கறோம்." மோரியைப் படம் எடுக்கச் சொன்னேன். அவர் கத்தியை மட்டும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். கத்தி என்றால் அதைப் பிடித்த கையும் வேண்டுமாம், ஆளும் வேண்டுமாம். வெள்ளைத் தொப்பியும் கையில் கத்தியுமாக நான் நின்ற படத்தை அனுப்பி வைத்தேன்.

பூஜையன்று மதியம், இங்கே சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், வீடியோவில் கூப்பிட்டார்கள். பொரி, பொட்டுக்கடலை, சந்தனம் பூசின கிரைண்டர், மேடையில் மாப்பிள்ளையின் கத்தி. அண்ணன் போனை மெதுவாகச் சாமி படங்கள் பக்கம் திருப்பினார். என் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கிக் கண்ணாடி போட்டு, அப்பா போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். பொட்டு என்னவோ கண்ணாடிக்கு மேல் கத்திக்கு நேராகத்தான் வைத்திருந்தார்கள். பூவை மட்டும் கத்திக்குத் தனியாகப் போட வழியில்லாமல் சட்டம் முழுக்கச் சுற்றிவிட்டிருந்தார் அண்ணி. அப்பாவுக்கு ஒரு முழம், எனக்கு ஒரு முழம்.

"எப்டிடா இருக்கு? மொத பொட்டு உனக்குத்தான்" என்றார் அண்ணன். பின்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"நல்லா இருக்குண்ணே" என்றேன். போனை வைத்துவிட்டு, நறுக்கி முடித்த கத்தியைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, இன்னொரு தரம் துடைத்துச் சட்டத்தில் சொருகினேன்.