ஒன்பது வீட்டுக்கு ஒரு நாற்காலி

போன வாரம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கிடங்கைக் காபிக் கடையாக்கியிருக்கிறார்கள் என்று மகள் அழைத்துப் போனாள். சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள், சுக்கு வாசனையை என்ன செய்ய முடியும்? வாசலிலேயே மூக்கில் ஏறியது. கூடவே செல்லம்மாக்காவின் நினைப்பும் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி, எனக்கு முதல் வேலை. எந்தத் தெருவில் எவ்வளவு வறுமை என்று வீடு வீடாகக் கேட்டு, ஊர்ப் படத்தில் நிறம் தீட்ட வேண்டும். வறுமை மிகுந்து சிவப்பு விழுந்த சந்துக்குத்தான் தண்ணீர்க் குழாய். நான் பாலக்காட்டுத் தமிழன் அல்லவா, தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் சந்துகளை என் தலையில் கட்டினார்கள். என் தமிழைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இதே கிடங்குக்குப் பின்னால் ஒன்பது குடிசைகள். பெண்கள் கிடங்கில் சுக்கு புடைப்பவர்கள். குடிக்கச் சாக்கடையோரக் கிணறுதான். அவர்களில் ஒருத்தரான செல்லம்மாக்காவின் மகள் வள்ளிக்கு வயிறு நேராவதே இல்லை. தண்ணீரை மாற்றாமல் மருந்து கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

முதல் வீட்டில் எங்கள் சூப்பர்வைசருக்கு நாற்காலி போட்டார்கள். இரண்டாவது வீட்டிலும் நாற்காலி. மூன்றாவதில்தான் கவனித்தேன், கைப்பிடியில் அதே தீச்சுட்ட கறை. நாங்கள் முன்வாசலில் விடைபெறும்போது அது பின்பக்கமாக அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது! சிரிப்பு வந்தது. நாற்காலி உள்ள வீட்டுக்கு வறுமைக் கணக்கில் மதிப்பெண் குறையும் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"சார், எல்லாம் ஒரே நாற்காலி."

"ஞானும் கண்டு. பக்ஷே வீட்டில் கசேர உண்டோ? உண்டு. அங்ஙனே எழுதிக்கோ" என்றார் மலையாளத்தில். கசேர என்றால் நாற்காலி; இருக்கிறது என்றே எழுத வேண்டுமாம்.

அவர் சாயா குடிக்கப் போன நேரத்தில் செல்லம்மாக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, மிச்ச வீட்டிலயாவது அந்தக் கசேரய காட்டாதீங்கோ. குழாய் கிட்டாது."

"வந்த மனுசன நிக்க வச்சா பேசச் சொல்ற?"

"வள்ளிய நினைச்சுப் பாருங்கோ."

"அவளும் நாளைக்கு நாலு பேர உக்கார வைக்கப் போறவதான தம்பி."

அன்று செல்லம்மாக்கா வீட்டிலும் நாற்காலி வந்து நின்றது. எனக்கும் பனையோலைத் தடுக்கு போட்டார்.

படத்தில் அந்தச் சந்து வெள்ளையாகவே கிடந்தது. குழாய் பக்கத்துச் சந்துக்குப் போயிற்று. அங்கே இவர்கள் குடத்தை வைத்தால் அடிதடி. அடுத்த மழைக்காலத்தில் வள்ளிக்கு வாந்தியும் பேதியும். சந்துக்குள் வண்டி நுழையாது. அந்த நாற்காலியில் உட்கார வைத்துத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலி மட்டும் திரும்பி வந்தது.

நாற்காலி உண்டா என்ற அந்தக் கேள்வியை யோசித்துத் தயாரித்த புண்ணியவான் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. செல்லம்மாக்கா மேலும்தான், கொஞ்சம்.

குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. அந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்தேன். அப்படி ஒரு சந்து இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. காபிக் கடையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்ததாம்.

"சாரே, கொறச்சு நேரம் அவிடெ நிக்கணே" என்றார் வாசலில் இருந்தவர், ஓரமாகக் கையைக் காட்டி.

நின்றேன்.