செம்பரம்பாக்கம் கரையில் ஹைதர் அலி

போன வாரம் படப்பையில் ஒரு சலூனில் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். பேத்திக்குக் கல்யாணம். வெள்ளைத் தலையோடு ஃபோட்டோவில் நிற்கக் கூடாது என்பது அவள் கட்டளை. சாயம் கலக்கிய பையன் கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுவந்தானோ இல்லையோ, அம்மோனியா நெடி சுரீரென்று ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. "இன்னா சார், எரியுதா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஐம்பது வருஷத்துப் பயம் ஒன்று திரும்ப வந்துவிட்டது என்று சலூனில் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

அந்த நெடியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், ஏரிகளுக்கும் மதகுகளுக்கும் வரைபடம் தயாரிக்கும் ஒரு சின்ன சர்க்கார் ஆபீஸ். பேர் வேண்டாம். நான் டிரேசர். படத்தின்மேல் மெழுகுத்துணியை விரித்து, இந்தியன் இங்க்கில் கோட்டுக்கு மேல் கோடு போட வேண்டும். அதைப் பிரதி எடுப்பவன் பஷீர். என் துணியை மருந்து பூசிய தாளின்மேல் வைத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி மொட்டைமாடி வெயிலில் காட்டுவான். பிறகு தாளைச் சுருட்டி, அடியில் அம்மோனியாக் கிண்ணம் வைத்த மரப்பெட்டிக்குள் நிறுத்துவான். ஏரி மெல்ல மெல்லத் தாளில் தெரியவரும். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் ஆரோக்கியசாமி சிலுவைக்குறி போட்டுக்கொள்வார்.

பஷீரும் நானும் தற்காலிகம். ஒரே வயது, ஒரே சம்பளம். இருவருக்கும் ஒரே பைத்தியம்: சண்டைகள். நிஜச் சண்டை என்றால் நான் காத தூரம் ஓடுவேன். மாடு முறைத்தாலே வேறு தெருவில் போகிறவன். ஆனால் ராஜாக்கள் காலத்துச் சண்டை என்றால் எனக்குச் சோறு வேண்டாம்.

என் தளபதி ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாமல் ஒரு ராஜ்ஜியத்தையே ஆண்ட மனிதர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் அவரும் மகன் திப்புவும் சேர்ந்து வெள்ளைக்காரப் படையைச் சுற்றி வளைத்து அடித்த அடியை, கூட இருந்து பார்த்ததுபோல் சொல்வேன். பஷீருக்குப் பல்லவ சேனாபதி பரஞ்சோதி. வாதாபி வரைக்கும் போய் ஜெயித்துவிட்டு, திரும்பி வந்து வாளை வைத்துவிட்டு அடியாருக்குச் சோறு போட உட்கார்ந்தவர். "ஜெயிச்சவன் கத்தியக் கீழ வச்சான் பாரு, அவன்தாண்டா தளபதி. உன் ஹைதரு சாவற வரிக்கும் குதிர மேலயே கீறாரு" என்பான். ஆரோக்கியசாமி சாருக்கு நெப்போலியன். அவர் எங்களைச் சின்னப் பிள்ளைகளாகத்தான் நினைத்தார்.

பஷீரின் கட்சிக்கு இன்னொரு பலமும் இருந்தது. பல்லவர்கள் புலிகேசியை அடித்து விரட்டிய மணிமங்கலம், எங்களுக்குச் சைக்கிள் மிதிக்கும் தூரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்க்களம் பார்க்கப் போனோம். வேர்க்கடலைக் கொல்லையில் இரண்டு பேரும் குனிந்து குனிந்து அலைவதைப் பார்த்துக் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னாத்தப்பா தொலைச்சீங்க?" என்று கேட்டாள்.

"இங்க ஒரு பெரிய சண்ட நடந்துச்சாம்மா, அத்தப் பாக்க வந்தோம்" என்றான் பஷீர்.

"சண்டையா? யார் வூட்ல? எனக்குத் தெரியாமயா?" என்று அவள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். ஆளுக்கு ஒரு கை கடலை கொடுத்து அனுப்பினாள். ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான் எங்கள் யுத்தம். வெயில் அதிகம் பட்டு வெளுத்துப்போன பிரிண்டுகளைக் கிழித்துப் போட வேண்டும் என்பது சட்டம். யாரும் கிழிப்பதில்லை. அதில் ஒன்றை மேஜைமேல் விரிப்போம். ஹைதரின் குதிரைப்படைக்குப் புளியங்கொட்டை, பல்லவப் படைக்குக் காராமணி. இரண்டு தளபதிகளுக்கும் நடுவில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. அதனால் என்ன? "உனக்கு பீரங்கி கீது, எனக்கு இல்ல. நாயமா இது?" என்று பஷீர் கத்துவான். பஞ்சாயத்துப் பேசி என் பீரங்கிகளைப் பாதியாகக் குறைத்து, அவனுக்கு நூறு யானை கூடுதலாகக் கொடுத்தார் ஆரோக்கியசாமி சார். படை நகர நகர, தாளிலேயே சிவப்புப் பென்சிலால் அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டே போவேன். பழகிய கை, சும்மா இருக்காது.

ஒருநாள் அந்த நூறு யானைகள் குன்றத்தூர்ப் பக்கமிருந்து என்னை நெருக்கிவிட்டன. எனக்குத் தப்ப வழியில்லை. தோற்கப் போகிற ஆத்திரத்தில், செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு, 'இங்கே கரையை உடை' என்று எழுதினேன். ஏரித் தண்ணீரில் யானைகள் அத்தனையும் அடித்துக்கொண்டு போயின. பஷீர் காராமணியை அள்ளி என் தலையில் கொட்டினான். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. இரண்டாயிரத்துப் பதினைந்தில் அந்த ஏரி திறந்து ஊரெல்லாம் வெள்ளமான அன்று, வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமோ என்று என் மனைவி நடுங்கினாள். நான் அந்தச் சிவப்புப் பென்சிலை நினைத்து நடுங்கினேன். பைத்தியக்காரத்தனம்தான், என்ன செய்வது?

நாங்கள் விளையாடியது எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில். டிசம்பரில் பாகிஸ்தானோடு நிஜமாகவே யுத்தம் வந்துவிட்டது. லாரிகளின் முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். டீக்கடை ரேடியோவைச் சுற்றி எப்போதும் கூட்டம். புது ஆள் ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் உளவாளியோ என்று உற்றுப் பார்த்தார்கள். நாங்கள் புளியங்கொட்டையை மூட்டை கட்டிவிட்டோம். எல்லையில் பிணம் விழும்போது விளையாட மனசு வரவில்லை. ஆனால் விளையாடிய தாள்கள் இருந்தன. பஷீர் அதில் இரண்டை வீட்டுக்கு எடுத்துப் போய், எட்டாவது படித்த தங்கை மும்தாஜின் புத்தகங்களுக்கு அட்டை போட்டிருந்தான். எங்கள் ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படித்தான். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

அட்டை கிழிந்தது. வகுப்பு வாத்தியார் பிரித்துப் பார்த்தார். ஏரிகள், மதகுகள், ரோடுகள். 'பீரங்கி இங்கே.' 'குதிரை 4000.' 'இங்கே கரையை உடை.' மேலே லேபிளில், பஷீரின் தங்கை பெயர்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, "பஷீர் யாரு?" என்றார். மரப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். தாளை மேஜைமேல் விரித்தார்கள். நான் நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாது இது?"

"வெளையாட்டு சார். பழைய காலத்துச் சண்ட."

"யாரோட சண்ட?"

"ஹைதர் அலி சார்."

சப்-இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையை ஆட்டினார். "ஹைதர் அலி. ம். எழுதுனது யாரு?"

பஷீர் என் பக்கம் ஒரே ஒரு முறை பார்த்தான். நான் குனிந்து, மெழுகுத்துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம்கூட ஆடாமல் நேராக வந்தது.

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வேலை நிரந்தரமாவதற்கான ஃபைல் மேலே போயிருந்தது. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. வீட்டில் மூன்று தம்பி தங்கைகள், அப்பாவுக்கு அரைக்காணி நிலம். இதையெல்லாம் சமாதானத்துக்காகச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஆரோக்கியசாமி சார் என் தோளைத் தொட்டு, "நீ கம்முனு இருப்பா. விசாரிச்சுட்டு வுட்டுடுவாங்க. சாயங்காலம் வந்துடுவான்" என்றார். சாயங்காலம் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஸ்டேஷன், எங்கள் ஆபீஸிலிருந்து ரோட்டைத் தாண்டி இருநூறு அடி. என் ஜன்னலிலிருந்து அதன் ஓட்டுக்கூரை தெரியும். அவன் சைக்கிள் எங்கள் கொட்டகையிலேயே நின்றது.

புள்ளலூர்ச் சண்டையில் மன்ரோ என்று ஒரு வெள்ளைக்காரத் தளபதி வருவான். காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்தவன். சில மைல் தள்ளி ஹைதர் படைக்கு நடுவே சிக்கிக்கொண்ட தன் ஆட்களின் பீரங்கிச் சத்தம் அவனுக்குக் கேட்டது. கேட்டும், போகவேண்டிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. கடைசியில் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினான். அவனை நான் கேலி செய்யாத நாளே இல்லை. 'சத்தம் கேட்டும் சும்மா உக்காந்திருந்தவன்லாம் ஜெனரலாம்' என்று மூக்கால் பேசி நடித்துக் காட்டுவேன், பஷீர் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த இரண்டு நாளும் ஜன்னல் கதவைச் சாத்திவைத்தேன்.

மூன்றாம் நாள் காலை மும்தாஜ் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கையில் டிபன் கேரியர். ஸ்டேஷனில் அதை உள்ளே விடவில்லையாம். "அண்ணே, அது எங்கண்ணன் எழுத்து இல்லண்ணே. அது கோழிக் கிறுக்கல், எனக்குத் தெரியும். இது அச்சடிச்ச மாரி கீது. யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, வந்து சொல்றீங்களாண்ணே?"

என்னை அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டில் சேமியா சாப்பிட்ட அண்ணன் நான். "சொல்றேம்மா" என்றேன். மேலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து ரோட்டைத் தாண்டினேன். இனி எனக்கு வேலை இல்லை, விலங்கு மாட்டுவார்கள், அப்பா வந்து அழுவார் என்று அந்த இருநூறு அடியில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன்.

"சார், அதுல எழுதுனது நான்."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். பேர் கேட்டார். ஊர் கேட்டார். பென்னலூர் என்றேன்.

"பென்னலூர்ல யாரு மவன்?"

சொன்னேன்.

"அட, மணியக்காரர் வூட்டுக்குப் பக்கத்து வூடா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யோவ், இத்த மொதல் நாளே சொல்லக் கூடாதா? இன்னாது இது, புளியங்கொட்ட வச்சி ஆடறதா? படிச்ச பசங்கதான? போ, போ, போய் வேலையப் பாரு." ஏட்டைக் கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

இரண்டு நாளாக பஷீர் சொன்னதும் அதேதான். விளையாட்டு, பழைய சண்டை, புளியங்கொட்டை. அவன் சொன்னபோது அது சதி. நான் சொன்ன உடனே விளையாட்டு ஆகிவிட்டது. அந்த டீயைக் குடித்தேன். குடித்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவனை வெளியே விட்டார்கள். இடது கன்னம் வீங்கியிருந்தது. செருப்பு இல்லை. அவனுக்குப் பக்கத்தில் நடந்தேன். "பஷீரு, நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தேன். "சைக்கிள் கீதா?" என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்றேன். ஏறிப் போய்விட்டான்.

பொங்கலுக்கு அப்புறம் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அவனுக்குத் தற்காலிகத்தை நீட்டிக்கவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. ராயபுரத்தில் ஒரு மரக்கடைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அம்மோனியா பிரிண்டும் இல்லை, மெழுகுத்துணியும் இல்லை. அந்த ஆபீஸ் இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஷிஃப்ட் முடிந்து இறங்கும் பிள்ளைகளுக்கு ஹைதர் இந்த ரோட்டில் போனார் என்று சொன்னால் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையாட்டுவார்கள். மணிமங்கலத்துக் கடலைக் கொல்லையில் வீட்டுமனைக் கற்கள் நட்டாயிற்று. போகட்டும், இதற்கெல்லாம் நான் அழவில்லை.

எண்பத்து நாலிலோ ஐந்திலோ, படப்பை பஸ் ஸ்டாண்டில் பஷீரைப் பார்த்தேன். முன்தலை நரைத்திருந்தது. பக்கத்தில் பத்து வயதுப் பெண், மார்போடு அணைத்த பள்ளிப் புத்தகங்கள். ஓடிப்போய், "டேய், எப்படிடா கீறே?" என்றேன்.

"நல்லா கீறேன் சார். நீங்க?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மகளிடம், "ஆபீஸ்ல கூட இருந்த சாரு" என்றான்.

அந்தப் பெண்ணின் கையில் மேலாக இருந்தது சரித்திரப் புத்தகம். கடையில் வாங்கிய பழுப்புத்தாளில் அட்டை போட்டிருந்தார்கள். "ஓ, சரித்திரமா! சொல்லு பாப்பா, உனக்கு எந்தத் தளபதியப் புடிக்கும்?" என்று கேட்டேன்.

அவள் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "எனக்கா? எனக்கு ஹைதர்..."

பஷீரின் கை அவள் தோளில் இறங்கியது. அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

"பஸ் வந்துடுச்சும்மா, வா" என்றான்.

நான் திரும்பி ரோட்டைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எந்த பஸ்ஸும் வரவில்லை.