அண்ணைக்குப் பிடித்த லென்ஸ்

அண்ணை கனடாவுக்குப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்தோம் என்று சொல்ல முடியாது. கலியாண வீடு, செத்த வீடு என்று ஏதாவது வந்தால் தொலைபேசி எடுப்பார். சுகம் கேட்பார், மழை பெய்ததா என்று கேட்பார். அதற்குப் பிறகு என்ன கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. "சரி தம்பி, வைக்கிறன்" என்று அவர் சொல்லும்போது இரண்டு பக்கமும் ஒரு நிம்மதிதான் இருந்திருக்கும்.

அதை மாற்றியது ஸ்மார்ட்போன். எனக்கு அந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று ஞாபகமில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட என்னோடு படித்த ஒருவன் போன் கடை வைத்திருக்கிறான். புதிதாக எது வந்தாலும் ஓரிரு நாள் எனக்குத் தருவான். அலுவலகம் முடிந்து வந்து, இரண்டு மூன்று போன்களால் ஒரே இடத்தை, ஒரே நேரத்தில் படம் எடுத்து, எது நல்லது என்று எங்கள் பேச்சிலேயே சொல்லி யூடியூப்பில் போடுவேன். பார்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அதிலும் பாதிப்பேர் போன் வாங்க அல்ல, ஊர்க்கதை கேட்க வருகிற வெளிநாட்டுக்காரர். முதல் ஆளாகப் பார்ப்பவர் அண்ணை.

எனக்கு நிறம்தான் முக்கியம். அச்சுவேலிச் சந்தைக்குக் காலையில் போய்க் கத்தரிக்காய்க் குவியலைத்தான் முதலில் எடுப்பேன். அந்த ஊதாவை உள்ளபடி காட்டுகிற போன் குறைவு, அநேகமானவை நீலமாக்கிவிடும். பிறகு எங்கள் செம்மண் தோட்டம். சில போன்கள் அதைத் தோடம்பழத் தோல் மாதிரி ஆரஞ்சாகக் காட்டும். மூன்றாவது, மனிசரின் தோல். கறுத்த முகத்தைக் கேளாமலே வெளுப்பாக்குகிற போன் எதுவென்றாலும், அதன் விலை என்னவென்றாலும், நான் நல்லது என்று சொன்னதில்லை. இதையெல்லாம் அண்ணையிடம் மணிக்கணக்காகச் சொல்லுவேன். கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கேட்கிற கேள்வி மட்டும் எப்போதும் வேறு.

"இருட்டிலை எப்பிடி எடுக்குது?"

"பரவாயில்லை அண்ணை."

"வைட் எப்பிடி?"

வைட் லென்ஸ் எனக்குப் பிடிக்காது. அகலமான காட்சியை ஒரு படத்துக்குள் அடக்குவதற்காக எல்லாவற்றையும் சின்னதாக்கும். ஓரத்தில் நிற்கிற ஆள் வளைந்துபோய் நிற்பார். "அதைச் சும்மா எண்ணிக்கைக்கு வைக்கிறாங்கள் அண்ணை" என்பேன்.

"இருக்கட்டும். எல்லாம் ஒரு படத்துக்கை வருதல்லோ."

"எல்லாம் வந்து என்ன, ஒண்டும் தெரியாதே."

"எனக்குத் தெரியும்" என்று சிரிப்பார். நானும் விடமாட்டேன். சூம் வைத்துத் தூரத்துக் கோபுரத்துச் சிலையின் கண்ணை எடுத்து அனுப்பி, இதைப் பாருங்கோ என்பேன். வடிவாய் இருக்கு என்று பதில் வரும். அடுத்த முறையும் அதே இரண்டு கேள்விதான். இப்படியே சில வருடங்கள் போயின. எங்கள் வாழ்க்கையில் அதுவரை கதைக்காத அளவு கதைத்தோம். அந்தக் காலத்தில் ஒருநாள், லொறி ஓடுகிற வேலையை விட்டுவிட்டதாகவும் இப்போது ஒரு களஞ்சியத்துக்குள் நின்று பெட்டி அடுக்குவதாகவும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "ஓடி ஓடி அலுத்துப்போச்சு" என்றார். சரி என்று நான் பற்றரிக் கதைக்குப் போய்விட்டேன்.

நான்கு வருடத்துக்கு முன் அண்ணை தனியாக வந்தார். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கே இன்னும் கடைக்கு வராத இரண்டு போன்கள் கொண்டுவந்திருந்தார், ஒன்று எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் லீவு போட்டேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு குடாநாடு முழுக்கச் சுற்றினேன். கீரிமலையில் தண்ணீர் படத்தில் எப்படி வருகிறது, காரைநகர்க் கடற்கரையில் வெள்ளை மணல் எப்படி வருகிறது, பண்டத்தரிப்புப் பக்கத்துப் புகையிலைத் தோட்டத்தில் பச்சைக்குள் பச்சை பிரிகிறதா என்று எல்லாம் பார்த்தோம். அண்ணை எங்கே போனாலும் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடிதான் நிற்பார், அதுவும் வைட்டில். எனக்கு அது சிரிப்பாக இருந்தது. "கனடாக்காரர் ஊரைப் போனுக்குள்ளாலைதான் பாப்பினமோ?" என்று பகிடி பண்ணினேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

என் மனைவிதான் முதலில் சொன்னாள். "இஞ்சாருங்கோ, உங்கடை அண்ணைக்குக் கண்ணிலை ஏதோ இருக்கு."

"என்ன?"

"தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்திலை வைச்சா அவருக்குத் தெரியேல்லை. கையாலை தடவி எடுக்கிறார். நேற்றுக் கதவு நிலையிலை தோளை இடிச்சவர்."

"வயசு போகுதெல்லே. கண்ணாடி மாத்த வேணுமாக்கும்."

அவள் கோப்பையை எடுத்து அவருக்கு நேர் முன்னால் வைத்தாள். அன்றிலிருந்து அப்படித்தான் வைத்தாள்.

அந்த நாட்களில் அண்ணை என்னைப் படம் எடுக்க வேணும் என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். "உதிலை கொஞ்சம் இரு, உன்னை ஒண்டு எடுப்பம்." ஒருதரம் வெயில் உச்சியில் இருந்தது, கண்ணுக்குக் கீழே நிழல் விழும், பின்னேரம் எடுப்பம் என்றேன். பின்னேரம் வேறு ஏதோ ஒளியைத் துரத்திக்கொண்டு ஓடினோம். இன்னொருதரம் நான் சவரம் செய்யவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. "சரி, ஆறுதலாய் எடுப்பம்" என்றார்.

அவர் போவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது குருநகர்க் கடற்கரைக்குப் போனோம். பொழுதுபடுகிற நேரம். வெளிச்சம் குறையக் குறைய இரண்டு போன்களில் எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது என் திட்டம். நீல வள்ளங்கள், பின்னால் தேவாலயத்தின் வெள்ளைச் சுவர், மேலே சிவந்த வானம். அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் முன்னால் நடந்துகொண்டே எடுத்தேன். அண்ணை பின்னால் வந்தார். "தம்பி, எங்கை நிக்கிறாய்?" என்று கேட்டது காதில் விழுந்தது. "இஞ்சைதான், வாங்கோ" என்றேன், திரும்பாமல்.

விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். வள்ளம் கட்டியிருந்த கயிற்றில் கால் தடக்கி முழங்காலில் விழுந்திருந்தார். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினார். பெரிய கயிறு அது. கம்பி மாதிரி இழுபட்டு நின்றது. அந்த மனிசர் கோபமாகச் சொல்லவில்லை, சும்மா கேட்டார். "என்ன அண்ணை, கண் தெரியேல்லையோ?"

"ஓம், தெரியேல்லை" என்றார் அண்ணை.

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்த மனிசர் சிரிக்கவில்லை. அண்ணையை ஒரு வள்ளத்தின் விளிம்பில் இருத்திவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சும்மா சொல்லேல்லை தம்பி. இருட்டினா எனக்கு ஒண்டும் தெரியாது. பகலிலையும் இப்ப நடுவிலை மட்டுந்தான். குழாய்க்குள்ளாலை பாக்கிற மாதிரி. அந்தக் குழாயும் வர வரச் சுருங்குது."

"எப்ப துவக்கம்?"

"கன காலம். லொறி லைசென்ஸை அதுக்குத்தான் எடுத்தவங்கள்."

"மருந்து இல்லையோ?"

"இல்லையாம். மெல்ல மெல்லத்தான் போகும் எண்டுறாங்கள்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"சொன்னா நீ போனைப் பற்றிக் கதைக்கமாட்டாய். வருத்தத்தைப் பற்றித்தான் கதைப்பாய். அதைக் கதைக்க அங்கை நிறையப் பேர் இருக்கினம்."

பிறகு வைட் லென்ஸைப் பற்றி அவரே சொன்னார். நேரே பார்த்தால் அவருக்கு ஒரு வள்ளத்தின் மூக்கு மட்டும்தான் தெரியும். வைட்டில் எல்லாம் சின்னதாகி வருவதால், அந்தக் குழாய்க்குள் கடற்கரை முழுதும் அடங்கிவிடும். இருட்டில் நைட் மோட் இருந்தால் வாசல்படி எங்கே இருக்கிறது என்று தெரியும். ஓரம் வளைந்தால் என்ன, ஆள் நிற்கிறார் என்று தெரிந்தால் போதும். நான் இத்தனை வருடமாக அவருக்கு எதிராக வாதாடி வென்ற வாதம் அது.

"இது குடும்பத்திலை வாறதாம்" என்றார் கடைசியாக. "நீயும் ஒருக்கால் கண்ணைக் காட்டு. அதைச் சொல்லத்தான் வந்தனான். எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் இருந்தனான்."

கையைப் பிடித்து மோட்டார் சைக்கிள் வரை கூட்டிக்கொண்டு வந்தேன். என் நினைவில் அண்ணையின் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் என் தோளில் கை வைத்திருந்தார்.

மிஞ்சிய நாட்களில் எங்கேயும் போகவில்லை. முற்றத்து நிழலில் கதிரை போட்டுக்கொண்டு இருந்தோம். அவர் என்னைப் படம் எடுத்தார், என் மனைவியை எடுத்தார். எடுத்ததும் அங்கேயே போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலால் மெல்ல நகர்த்தி நகர்த்தி, ஒரு முகத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு அவர் வந்து நின்ற மூன்று கிழமையும் இருந்தது. நான் அவரைக் கத்தரிக்காய்க்கும் கடல் தண்ணிக்கும் பின்னால் கொண்டு திரிந்துவிட்டேன்.

அவர் போன பிறகு ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டினேன். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். வெளியே வந்து வெயிலில் கண் கூச நின்றபோது ஒரு கணம் பெரிய சந்தோஷம் வந்தது. அடுத்த கணமே அது கசந்துபோனது. அன்றைக்கு அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். மறுபக்கம் அழுகிற மாதிரிக் கேட்டது. தடிமன், மூக்கடைப்பு என்றார்.

அவருக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கும்போது போய்ப் பார்க்க வேணும் என்று விசாவுக்கு விண்ணப்பித்தேன். தரவில்லை. திரும்பி வருவேன் என்று அவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது. மறுபடி விண்ணப்பித்தேன், அதற்கும் அதே பதில்.

அந்தப் பயணத்தில் எடுத்த காட்சிகளைக் கொண்டு நான் போட்ட ஒப்பீட்டைத்தான் இதுவரை அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள். கடலின் நீலம் பற்றிக் கீழே நிறைய எழுதியிருக்கிறார்கள். அதை வெட்டி ஒட்டும்போது பின்னால் கேட்ட குரலை ஒவ்வோர் இடத்திலும் எடுத்துவிட்டிருந்தேன், இடைஞ்சல் என்று. எடுத்துவிட்ட துண்டுகள் கணினியில் இருந்தன. ஒருநாள் போட்டுக் கேட்டேன். கீரிமலையில், காரைநகரில், புகையிலைத் தோட்டத்தில், எல்லா இடத்திலும் அண்ணை என்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எங்கை நிக்கிறாய், எங்கை நிக்கிறாய் என்று. சில இடத்தில் நான் பதில்கூடச் சொல்லவில்லை.

இப்போதும் கடைக்காரன் புதுப் போன் வந்தால் கூப்பிடுகிறான். சிலவேளை வாங்கி வருகிறேன். பெட்டி பிரிக்காமல் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. அண்ணைக்கு இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது. போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லுகிறதாம், அதோடு பழகிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுத்தார். திரையில் அவர் வீட்டு முகடும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. கீழ் ஓரத்தில் அவருடைய நெற்றி கொஞ்சம். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கொரியாக்காரனுடையதா, சீனாக்காரனுடையதா என்று கேட்டார். பிறகு சந்தையில் இப்போது என்ன மலிவு என்று கேட்டார். போனைக் கொஞ்சம் கீழே இறக்குங்கோ, முகம் தெரியேல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, சந்தைக்குள் நுழைகிற இடத்திலிருந்து என்னென்ன குவித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.