வின்சென்ட் அண்ணனும் ஒரு பம்மாத்தும்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெங்களூருக்கு வந்து இரண்டு வருடம் ஆன பிறகும் ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டேன். ஒரு தடவை அல்ல, மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல். அதை நம்பி மனதுக்குள் ஒரு கட்சியே கட்டினேன். அந்தக் கட்சியில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் ஊரான அரக்கோணத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கன்னடம் சுத்தமாகப் புரியாத மொழியாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பாதி புரிவதுதான் வம்பு. பக்கத்து வீட்டுத் தமிழைச் சுவர் வழியாகக் கேட்பதுபோல இருக்கும். நீர் நீரு ஆகும், பால் ஹாலு ஆகும், எண்ணெய் கொஞ்சம் வழுக்கி எண்ணெ ஆகும். காலையில் கடைக்காரர் சொன்னதில் மூன்று சொல் புரிந்துவிட்டால் நான்காவதை நாமே போட்டுக்கொண்டு, தலையையும் ஆட்டிவிடுவோம். இப்படித் தலையாட்டியே ஒருமுறை அரைக் கிலோ கேட்ட இடத்தில் இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கிவந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கிரிக்கெட்டுக்குப் போனேன்.

குடியிருப்பது ஜோகுபாளையத்தில். வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில், சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. அடுத்தவர் செய்ததில் என்ன கோளாறு என்று பார்ப்பதற்கே சம்பளம் தருகிறார்கள். போக வர நான்கு மணி நேரம் கம்பெனி வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஞாயிறு காலை அறைக்குள் சும்மா கிடக்க முடியாமல் நடந்தபோதுதான் அந்த மைதானத்தைப் பார்த்தேன். மஞ்சுநாத் என்பவர் கேப்டன். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார், கன்னடக்காரர். என் ஆட்டத்தைப் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு என் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுத்தார். அப்படித்தான் நான் அணியின் பன்னிரண்டாவது ஆளானேன். பதினோரு பேருக்கும் உடம்பு நன்றாக இருக்கிற அணியில் பன்னிரண்டாவது ஆள் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் வின்சென்ட் அண்ணன். காக்ஸ் டவுன்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வயது நாற்பத்தைந்து. தாத்தா காலத்தில் வந்த தமிழ்க் குடும்பம். "எங்க வீட்ல ஜெபம் தமிழ்ல, சண்ட கன்னடத்துல" என்பார். அவரை யாரும் பெயரை மட்டும் சொல்லி அறிமுகப்படுத்த மாட்டார்கள். "நம்ம ஆல்ரவுண்டர்" என்பார்கள். ஒரு காலத்தில் அல்சூர் அணிக்கு எதிராக அவர் கடைசி ஓவரில் ஏதோ செய்திருக்கிறார். என்ன செய்தார் என்பது சொல்லும் ஆளைப் பொறுத்தது. மஞ்சுநாத் சொல்லும்போது அது ஒரு சிக்ஸர். கீப்பர் சலீம் சொல்லும்போது இரண்டு சிக்ஸர், ஒரு பந்து மாதாகோயில் சுவரைத் தாண்டியது. டீக்கடைக்காரர் சொல்லும்போது பந்து இன்னும் கீழே வரவில்லை.

நான் பார்த்த வின்சென்ட் அண்ணன் வேறு. ஸ்கோர் நோட்டு என்னிடம் இருந்தது அல்லவா? அந்த சீசன் முழுக்க அவருடைய அதிகபட்சம் பத்தொன்பது ரன். பந்துவீச்சில் விக்கெட்டைவிட நோ-பால் அதிகம். ரன் ஓடும்போது வலது முழங்காலிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். எங்கள் ஊர் ரயில்வே மைதானத்தில் இது ஒரு வாரம்கூட ஓடாது. அங்கே என் மாமா ஒருவர் இருக்கிறார். நான் ஒருமுறை ஐம்பது அடித்துவிட்டு வந்தபோது, "அதுல முப்பது எட்ஜ்ரா. எண்ணிக்கினுதான் இருந்தேன்" என்றார். அதுவும் ஊரே கேட்க. அங்கே ஒருவனுடைய பெயர் அடுத்த பந்துவரைதான். இங்கேயோ ஒரு பழைய ஓவருக்கு இத்தனை வருடம் மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நியாய உணர்ச்சி என்று அப்போது நினைத்தேன். அவர் போனால் அந்த இடம் எனக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

இந்த நிலையில்தான் அந்தச் சொல் காதில் விழுந்தது. வின்சென்ட் அண்ணன் ஒரு பந்து போட்டார், பேட்ஸ்மேன் விட்டுவிட்டான், தூரத்தில் நின்ற மஞ்சுநாத் கைதட்டியபடி கத்தினார். என் காதுக்கு அது "பம்மாத்!" என்று கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். பம்மாத்து! வெறும் படம் காட்டுகிறார் என்று கேப்டனே சொல்கிறார்! அடுத்த வாரம் சலீமும் அதையே சொன்னான். கைதட்டிக்கொண்டே சொன்னார்கள், தோளில் தட்டிச் சொன்னார்கள். அடடா, இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு நாசூக்காகக் கிண்டல் செய்கிறார்கள், எங்கள் மாமாவை இங்கே ஒரு மாதம் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று வியந்தேன். அணி முழுக்க என் பக்கம், வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை என்று முடிவு கட்டினேன்.

அல்சூர்க்காரர்களுடன் அடுத்தடுத்த ஞாயிறுகளில் இரண்டு ஆட்டம் இருந்தது. அந்த இரண்டோடு தான் நிறுத்திக்கொள்ளப்போவதாக வின்சென்ட் அண்ணன் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். டாக்டர் முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அல்சூரோடு ஆடிவிட்டு விடைபெற வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சுநாத்தின் கடை மாடியில் ஆள் எடுக்கும் கூட்டம். முழங்கால் தாங்குமா என்று யாரோ ஆரம்பித்தார்கள். வின்சென்ட் அண்ணன் ஓரத்தில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். இதுதான் நேரம் என்று எழுந்தேன். மூன்று மாதத்தில் அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு வருகிற கன்னடம், கன்னடம் தெரியாது என்பதற்கான "கன்னட கொத்தில்லா" மட்டும். அதனால் தமிழிலேயே சொன்னேன்.

"தப்பா நெனைக்காதீங்க. வின்சென்ட் அண்ணன் ஆல்ரவுண்டர்னு எல்லாரும் சொல்றீங்க. மூணு மாசமா பக்கத்துல இருந்து பார்க்கிறேன். என்னைக் கேட்டா, சுத்த பம்மாத்து!"

மாடியே அதிர்ந்தது. கைதட்டல். மஞ்சுநாத் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "ஹவுது குரு! சுத்த பொம்பாட்!" என்று ஆமோதித்துக் கத்தினார். "நோடு, நம்ம பாஸ்கர் பேச மாட்டான், பேசினா கரெக்டா பேசறான்" என்று தமிழிலும் என்னைப் புகழ்ந்துவிட்டு, வெள்ளைத்தாளில் முதல் பெயராக வின்சென்ட் என்று எழுதினார்.

பக்கத்தில் இருந்த சலீமின் காதில் கேட்டேன். "பொம்பாட்னா என்னடா?"

"ஃபர்ஸ்ட் க்ளாஸ், பாய். டாப்."

ஆக, அந்த மாடியில் இருந்த பத்துப் பேரும் நான் ஒருவரைத் தலையில் தூக்கிவைத்துப் பேசியதாகக் கேட்டிருந்தார்கள். சுத்தம் இரண்டு மொழிக்கும் சுத்தம்தான் என்பதால் அதுவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொன்னதையும் அவர்கள் கேட்டதையும் சேர்த்துப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருவர். அவர் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, "மஞ்சு, நாளைக்கு முட்டி சரியா வராது. பாஸ்கர போடு. நான் ஸ்கோர் எழுதறேன்" என்றார். எல்லோரும் கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை.

படிக்கட்டில் அவர் பின்னாலேயே ஓடினேன். "அண்ணே, நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"வேற எந்த அர்த்தத்துல சொல்வாங்க அரக்கோணத்துல?"

அவர் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். "கோவம்லாம் இல்லப்பா. நோட்டுல நோ-பால் எத்தினி?"

"பதினொண்ணுண்ணே."

"ஒம்போதுன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார். ஸ்கூட்டரை இரண்டு உதையில் கிளப்ப முடியாமல், மூன்றாவது உதையை இடது காலால் உதைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் ஆடினேன். அந்த வெள்ளைத்தாளில் என் பெயர் இருந்தது. இந்த ஊரில் வாடகை ஒப்பந்தத்துக்குப் பிறகு என் பெயர் ஏறிய இரண்டாவது காகிதம் அது. பேட்டிங்கில் நான் செய்ததைப் பற்றிப் பேச வேண்டாம், இரண்டு பந்தில் முடிந்த விஷயம். பிறகு ஃபீல்டிங். அல்சூர்க்காரர்களின் பெரிய பேட்ஸ்மேன் ஒரு பந்தை நேராக வானத்துக்கு அனுப்பினான். எனக்கும் கீப்பர் சலீமுக்கும் நடுவே அது இறங்கிக்கொண்டிருந்தது. சலீம் "மேரா! மேரா!" என்று ஓடிவந்தான். மேரா என்றால் என்னுடையது என்று எனக்கும் தெரியும். ஆனால் கேப்டன் அதைவிடப் பெரிய குரலில் என்னைப் பார்த்துக் கத்துகிறாரே: "பாஸ்கர், பிடு! பிடு!"

கன்னடத்தில் பிடு என்றால் விட்டுவிடு. இது எனக்குத் தெரியாததல்ல. ஆட்டோக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன், ஆபீஸில் கேட்டிருக்கிறேன். ஆனால் பந்து தலைக்குமேல் நிற்கும்போது காது சொந்த ஊருக்குப் போய்விடுகிறது. எனக்குக் கேட்டது பிடி, பிடி. பிடிக்க ஓடினேன். சலீமின் தோளில் என் நெற்றி மோதியது, இருவரும் விழுந்தோம், பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் சாவகாசமாக வந்து உட்கார்ந்தது. அந்தப் பேட்ஸ்மேன் கடைசிவரை நின்று ஆட்டத்தை முடித்துக்கொண்டு போனான்.

தரையில் கிடக்கும்போதுதான் யோசித்தேன். இந்த மூன்று மாதத்தில் இப்படி எத்தனை பந்து மேலே போயிருக்கும்? ஒருமுறைகூட யாரும் மோதியதில்லையே? அப்போதெல்லாம் ஒரு குரல் வரும். விடு என்றோ பிடி என்றோ சொல்லாது. "சலீம்!" என்று ஒரு பெயர் மட்டும் சொல்லும். மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். தமிழும் கன்னடமும் உருதுவும் கத்திக்கொண்டிருக்கிற அணியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பது பெயர் மட்டும்தான் என்று வின்சென்ட் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை எழுத ஸ்கோர் நோட்டில் கட்டம் கிடையாது. இருந்திருந்தாலும் நான் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். இதனால் அவருடைய பேட்டிங் நல்ல பேட்டிங் ஆகிவிடாது, அந்தப் பதினோரு நோ-பாலும் அழிந்துவிடாது. ஆல்ரவுண்டர் என்று சொல்லலாமா என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. சரி என்று நினைத்தால் ரன் கணக்கு உறுத்துகிறது. இல்லை என்று நினைத்தால் நெற்றி வலிக்கிறது.

நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாமா போன் செய்தார். ஆட்டம் என்ன ஆச்சு என்றார். "தோத்துட்டாங்க மாமா" என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது. தோற்றுவிட்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காலையில் ஆடக் கிளம்பும்போது இதே மாமாவிடம், "உங்க ஊர்க்காரங்களுக்கு என்னா தெரியும்" என்றும் பேசியிருக்கிறேன். அந்த ஊர் உங்க ஊர் ஆகிவிட்டது, இந்த அணி இன்னும் அவங்க அணியாகவே இருக்கிறது. நான் எந்தப் பக்கத்து ஆளாக ஒரே நாளில் இரண்டையும் பேசினேன்?

மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. வின்சென்ட் அண்ணன் பெஞ்சில் முழங்காலை நீட்டிக்கொண்டு, கடைசி ஓவரைக் கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இனி மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. இரண்டில் ஒன்றை நான் தின்றுவிட்டேன். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் வாய் என்னை ஒரு பெரிய வள்ளலாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தது.

"அண்ணே, அடுத்த வாரம் என் எடத்துல நீங்க ஆடுங்க."

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உன் எடம் எதுப்பா?"